அப்பாவை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு நானே டாக்டரிடம் பேசுகிறேன். இது சரியா?

புளியரை_வயக்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வழக்கமாக இங்கே பஸ் நேரமும் அணை நிலவரமும் கேட்கிற ஆள் நான். இன்றைக்கு விஷயம் வேறு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது. பாவூர்சத்திரம் சந்தையில் ஒரு காய்கறி மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். வெற்றிலை புகையிலையும் அதே முப்பது வருஷம். போன வருஷம் கன்னத்து உள்பக்கம் ஆறாத புண், பயாப்சியில் புற்று என்று வந்தது. ஆபரேஷன், அப்புறம் கரண்டு (கதிர்வீச்சு) வைத்தார்கள். நன்றாகத்தான் தேறி வந்தார். இப்போது கழுத்தில் மறுபடி கட்டி. ஸ்கேனில் நுரையீரலிலும் புள்ளிகள். செகண்டரி, அதாவது வாய்ப்புற்று பரவிவிட்டது என்கிறார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கிறோம். பெயர் வேண்டாம். அங்கே யார் மேலும் குறை சொல்ல வரவில்லை, குறை என் மேல்தான். புனலூரில் எட்டு வருஷம் ஹார்டுவேர் கடையில் இருந்ததால் எனக்கு மலையாளம் வரும். அப்பாவுக்கு லாரிக்காரர்களிடம் விலை பேசுகிற அளவுக்குத்தான் வரும். அதனால் டாக்டருக்கு எதிர் நாற்காலி எனக்கு, சுவரோர ஸ்டூல் அப்பாவுக்கு. முதல் நாளிலிருந்தே அப்படி அமைந்துவிட்டது.

போன தடவை டாக்டர் அப்பாவைப் பார்த்து "வேதனை உண்டோ?" என்று கேட்டார். மலையாளத்தில் அது வலி. அப்பா நம் ஊர் வேதனை என்று எடுத்துக்கொண்டு, "வேதனை இல்லாம இருக்குமா சார், மூத்தவன் சார்ஜாவில இருக்கான், பேத்தியைப் பார்த்து ரெண்டு வருஷமாச்சு" என்றார். நான் சிரித்துவிட்டு, "வேதனை ஒன்னும் இல்லா சாரே" என்றேன். வலி மாத்திரை எழுதாமலேயே அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா திண்ணையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று வாரமாம்.

இன்னொன்றும் இருக்கிறது. டாக்டர் தெளிவாகச் சொன்னார், "இது பூர்ணமாயிட்டு மாறில்லா." முழுசாகக் குணமாகாது என்று அர்த்தம். அப்பா வெளியே வந்து "என்ன மாறலையாம்?" என்று கேட்டார். "மருந்தை மாத்தப் போறாங்களாம்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு டீ வாங்கப் போகிற மாதிரி போய்விட்டேன்.

மூன்று வழி இருக்கிறதாம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போய் டிரிப்பில் கீமோ ஏற்றிக்கொள்வது. வீட்டிலேயே சாப்பிடுகிற மாத்திரை. அல்லது நோய்க்கு எதுவும் இல்லாமல் வலிக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் பார்த்துக்கொள்வது. வருகிற வியாழக்கிழமை முடிவோடு வரச் சொல்லியிருக்கிறார். அண்ணன் போனில், "பணம் நான் அனுப்புறேன், இருக்கிறதிலேயே பெருசு எதுவோ அதைப் பண்ணு" என்கிறான். அம்மா அழுகிறாள். அப்பாவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்கலாமா? கேட்டால் எப்படி?

---

தென்காசி_சாரல் எழுதியது:

தம்பி, நான் வயசில் மூத்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். சொல்லாதீங்க. என் வீட்டுக்காரிக்கு கருப்பையில் வந்தது. கடைசி வரை "கட்டி, கரையுது" என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். நிம்மதியாக இருந்தாள். இந்த நோயின் பெயரைக் கேட்டாலே பாதி உயிர் போய்விடும். நீங்களும் அண்ணனும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் எதுக்கு இருக்கிறோம்?

---

வண்டிப்பெரியார்_சிஸ்டர் எழுதியது:

புளியரைத் தம்பிக்கு. நான் இங்கே பாலியேட்டிவ் ஹோம்கேரில் நர்ஸ். பெரிய நோயில் வலியும் கஷ்டமும் குறைய வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வேலை. எங்கள் அப்பா அம்மா எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவர்கள், அதனால் ரெண்டு பாஷைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது என்ன என்று எனக்குத் தெரியும். லயத்துக்குள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) போனால் இன்றைக்கும் பேரன்தான் பாட்டிக்கு மொழிபெயர்க்கிறான். பத்து வயதுப் பையன் எதைச் சொல்வான், எதை விடுவான்?

அண்ணாச்சி சொன்னதை நான் தள்ளவில்லை. ஆனால் "சொல்லலாமா வேண்டாமா" என்பது தப்பான கேள்வி என்று நினைக்கிறேன். அதை நீங்களே ஏன் முடிவு செய்யணும்? அப்பாவிடமே கேளுங்கள். "அப்பா, ஸ்கேன்ல என்ன இருக்குன்னு டாக்டர் சொன்னதை உங்ககிட்ட முழுசாச் சொல்லட்டுமா, இல்ல நாங்களே பார்த்துக்கவா?" இவ்வளவுதான். "நீங்களே பார்த்துக்குங்க" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அவர்கள் எடுத்த முடிவு, அதை மதித்துவிடலாம். ஆனால் நான் பார்த்தவரை நிறையப் பேர் "சொல்லு, எனக்கே கொஞ்சம் தெரியும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கரண்டு வைக்கிற வரிசையில் மாதக்கணக்கில் உட்கார்ந்தவருக்கு அந்த வரிசை எதற்கான வரிசை என்று தெரியாமலா இருக்கும்?

ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். முதலில் "உங்களுக்கு என்னன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கஷ்டம் இந்த வாயை மூடுகிற இடத்தில்தான்.

அப்புறம், வலி. வியாழன் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போன் பண்ணிச் சொல்லுங்கள். மார்பின் என்று எழுதினால் பயப்படாதீர்கள். "அது கடைசியில கொடுக்கிறது" என்பார்கள். இல்லை, வலி எப்போது அதிகமோ அப்போது கொடுப்பது. டாக்டர் சொல்கிற அளவில் கொடுத்தால் உயிரைக் குறைக்காது. மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும், கூடவே அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். கேரளாவில் 1993-ல் கோழிக்கோட்டில் ஆரம்பித்து, 2008-ல் அரசே பாலியேட்டிவ் கொள்கை கொண்டுவந்து, இப்போது பஞ்சாயத்து தோறும் வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் இருக்கிறார். உங்கள் பக்கம் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் இந்தச் சேவை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து வையுங்கள். எந்த வழியை எடுத்தாலும் இது தேவைப்படும்.

---

குழித்துறை_ஆத்தங்கரை எழுதியது:

இந்த இழையில் மகன் பேசிவிட்டார், கணவர் பேசிவிட்டார், நர்ஸ் பேசிவிட்டார். நான் நோயாளி. எனக்கும் ஒரு ஸ்டூல் போடுங்கள்.

மார்பில் வந்து, இப்போது இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் இருக்கிறது. மூன்று வருஷமாக ஓடுகிறது வண்டி. முதல் ஆறு மாசம் என் அண்ணனும் வீட்டுக்காரரும் டாக்டரைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு எவ்வளவு மோசம் என்று தெரியும். பெரிய சிரிப்பு என்றால் பெரிய மோசம்.

ஒரு நாள் ரெவ்யூவுக்கு அவர்கள் பார்க்கிங்கில் மாட்டிக்கொண்டார்கள், என் டோக்கன் முதலில் வந்துவிட்டது. தனியாக உள்ளே போனேன். டாக்டர் "பைஸ்டாண்டர் எங்கே?" என்றார், கூட வந்தவர் எங்கே என்று. "வருவாங்க. அதுக்குள்ள எனக்கு ஒன்னு தெரியணும். இந்த மருந்து நோயைத் தீர்க்கவா, தள்ளிப்போடவா?" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அதுவரை ஆறு மாசத்தில் அவர் பேனாவைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. "தள்ளிப்போட" என்றார். அப்புறம் பத்து நிமிஷம் என்னிடமே பேசினார். நல்ல மனுஷர். அதுவரை அவரிடம் யாரும் என் பேரில் எதுவும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு அழுதேன், இல்லை என்று சொல்லமாட்டேன். மறுநாள் கடைச் சாவி யாரிடம், நகைச்சீட்டு யார் பெயரில், எல்லாம் பேசி முடித்தேன். மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை நடக்கிற மாதத்தில் ஊசி வேண்டாம், நாள் தள்ளலாமா என்று கேட்டேன். தள்ளலாம் என்றார்கள். தள்ள முடியும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

தென்காசி அண்ணாச்சி, கோபப்படாதீங்க. அக்கா நிம்மதியாக இருந்தாங்களா, நிம்மதியாக இருக்கிற மாதிரி உங்களுக்குக் காட்டினாங்களா?

---

அச்சன்கோவில்_ஆறு எழுதியது:

இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். முள்ளாத்தப் பழமும் (முள்சீத்தா) அதன் இலைக் கஷாயமும் கொடுங்கள், கீமோவை விடப் பல மடங்கு சக்தி. வாட்ஸாப்பில் முழு விவரம் இருக்கிறது.

---

கோபாலபுரம்_செக்போஸ்ட் எழுதியது:

மேலே முள்சீத்தா போட்டவருக்குங்க: சோதனைக்குழாயில் செல் சாவதும் மனுஷனுக்குக் குணமாவதும் வேறு வேறு. மனிதர்களிடம் புற்றைக் குணமாக்கியதற்கு நிரூபணம் கிடையாது. பழமாகச் சாப்பிட ஆசைப்பட்டால் சாப்பிடட்டும். கஷாயம் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள், மறைக்காதீங்க.

நான் மருந்துக்கடைக்காரன். நாற்பது வருஷமாக பொள்ளாச்சி, பாலக்காடு ரெண்டு பக்கத்துச் சீட்டும் என் கவுண்டருக்கு வருது. புளியரைத் தம்பி சொன்ன மூன்று வழியில் நடுவில் இருக்கிற "மாத்திரை" பற்றிக் கொஞ்சம் சொல்லணும். ஏன்னா அண்ணன் சார்ஜாவிலிருந்து "பெருசு எதுவோ அது" என்கிறார் பாருங்க, அந்த இடத்தில்தான் நிறையக் குடும்பம் தடுக்கி விழுது. டிரிப் என்றால் பெரிய வைத்தியம், மாத்திரை என்றால் கைவிட்டுட்டாங்க என்று ஒரு நினைப்பு.

டாட்டா மெமோரியல்காரங்க 2020-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. குணமாக்க முடியாத நிலையில் இருந்த தலை, கழுத்துப் புற்று நோயாளிகள் 422 பேர். பாதிப் பேருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை சிஸ்பிளாட்டின் டிரிப், மீதிப் பேருக்கு வீட்டில் சாப்பிடுகிற மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்சிப் மாத்திரை. டிரிப் எடுத்தவர்கள் நடுக்கணக்கில் 6.1 மாதம் இருந்தாங்க, மாத்திரைக்காரங்க 7.5 மாதம். கடுமையான பக்கவிளைவும் மாத்திரையில் குறைவு. அதாவது விலை குறைந்ததும் பஸ் ஏறத் தேவையில்லாததும்தான் இங்கே மேல். உங்கள் டாக்டர் சொல்கிற மாத்திரை இதேதானா, அப்பா உடம்புக்கு ஒத்துவருமா என்று அவரிடம்தான் கேட்கணும். கிட்னி, வயிற்றுப்புண், இதயம் எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பாங்க. ஒரு எச்சரிக்கை: மெத்தோட்ரெக்ஸேட் எழுதினால் அது வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிறது. தினம் சாப்பிட்டால் ஆபத்து, உயிரே போகலாம். காலண்டரில் கிழமையைச் சுழித்து வையுங்க.

இன்னொன்னு, மாதக் கணக்கைப் பார்த்துப் பயந்துடாதீங்க. நடுக்கணக்கு என்றால் பாதிப் பேர் அதற்கு மேல் இருந்தாங்க என்று அர்த்தம்.

"நோயாளிக்கே எல்லாம் புரிஞ்சிருக்கும், எதுக்குக் கேட்டுப் பேசணும்" என்று நினைக்கிறவங்களுக்கு: அமெரிக்காவில் 2012-ல் நுரையீரல், குடல் புற்று பரவியவர்கள் 1,193 பேரிடம் கேட்டிருக்காங்க. கீமோ குணமாக்க வாய்ப்பில்லை என்பதைப் புரிந்துகொள்ளாதவங்க நுரையீரலில் 69 சதவீதம், குடலில் 81 சதவீதம். படித்த ஊருங்க அது! நம்ம ஊர்தான் மறைக்கிற ஊர் என்று இல்லை.

---

பாறசாலை_வக்கீல்_இல்லை எழுதியது:

மருந்துக்கடை அண்ணா, நீங்க பாதிதான் சொன்னீங்க. அதே அமெரிக்காவில் இதற்காகவே ஒரு சோதனை நடந்தது, 2017-ல் முடிவு வந்தது. 38 டாக்டர்கள், பரவிய புற்றுள்ள 265 நோயாளிகள். டாக்டருக்குப் பேசப் பயிற்சி, நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேள்விப் பட்டியல் போட உதவி. பேச்சு மேம்பட்டது உண்மை. ஆனால் வாழ்க்கைத் தரத்திலும், கடைசி மாதத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதிலும் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. கேள்வி கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் கற்பனை பண்ண வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டம் பற்றி ஒரு வரி. வென்டிலேட்டர் வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2018-லேயே உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சியோடு நோட்டரி முன்னால் எழுதினால் போதும் என்றார்கள்.

---

குழித்துறை_ஆத்தங்கரை எழுதியது:

ஆய்வு எதை அளந்ததோ தெரியாது தம்பி. என் மகளோடு பரீட்சை மாசம் பூரா நான் சமையலறையில் நின்றேன். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

---

புளியரை_வயக்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வியாழன் போய்விட்டு வந்துவிட்டோம். நடந்ததைச் சொல்லணும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிஸ்டர் சொன்ன மாதிரியே கேட்டேன். வயல் வரப்பில் நின்றுகொண்டு கேட்டேன், வீட்டுக்குள் அம்மா இருக்கிறாள் என்று. "உங்களுக்கு என்னன்னு நினைக்கிறீங்கப்பா?" வாயை மூடிக்கொண்டேன். ரொம்ப நேரம். ஆரியங்காவுப் பக்கம் லாரி ஏறுகிற சத்தம் மட்டும். அப்புறம் அப்பா, "கட்டி திரும்பிடுச்சு. நெஞ்சுக்கும் போயிருக்கும். இருமல் வருதுல்ல" என்றார். எனக்குத் தெரிந்தது அவ்வளவும் அவருக்குத் தெரிந்திருந்தது. "அது மாறில்லா" என்றார், மலையாளத்திலேயே. நான் அன்றைக்கு டீ வாங்கப் போனபோது பக்கத்தில் இருந்த பெஞ்சுக்காரரிடம் அர்த்தம் கேட்டுவிட்டாராம்!

மூன்று வழியையும் சொன்னேன். செக்போஸ்ட் அண்ணா எழுதியதையும் படித்துக் காட்டினேன். மாதக் கணக்கைப் படிக்கட்டுமா என்று முதலில் கேட்டேன், படி என்றார். அப்புறம் பரணிலிருந்து ஒரு பழைய மண்டி நோட்டை எடுத்தார். சிவப்புக் கோடு போட்ட நீள நோட்டு. பாதி வரை கத்தரிக்காய், முருங்கைக்காய் கணக்கு. புதுப் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டு நம்பர் போட்டு எழுதினார்:

1. டிரிப்புக்கு எத்தனை தடவை வரணும். ஒரு தடவைக்கு எத்தனை நாள் படுக்கணும்.
2. போட்டா என்ன கூடும். போடாட்டி என்ன குறையும்.
3. வாய் திறக்குமா. சோறு இறங்குமா.
4. மாத்திரை சாப்பிட்டு ஒத்துக்கலைன்னா நிறுத்தலாமா. நிறுத்தினா கோவிச்சுப்பீங்களா.
5. தை மாசம் பேத்தி வருது. அதுவரைக்கும் நடமாட்டம் இருக்குமா.
6. ராத்திரி வலிக்கு என்ன.

நாலாவதைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று மனுஷர் இத்தனை நாள் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்.

வியாழக்கிழமை டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் எதிர் நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்தேன். ஸ்டூலை அவர் பின்னால் இழுத்துப் போட்டு நான் உட்கார்ந்தேன். டாக்டர் பழக்கத்தில் அப்பா தலைக்கு மேலாக என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அப்பா நோட்டை மேஜையில் விரித்து, கண்ணாடியை மாட்டி, "ஒன்னு" என்றார். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸையும் கூப்பிட்டுவிட்டார், நான் கேட்கவே இல்லை. அதனால் எனக்கு வடிகட்ட வழியில்லாமல் போனது.

எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்ததா என்றால் இல்லை. அஞ்சாவதுக்கு டாக்டர், "இருக்கும்னு நினைக்கிறேன், உறுதி சொல்ல முடியாது. முடிந்தால் பேத்தியைக் கொஞ்சம் முன்னாடியே வரச் சொல்லுங்க" என்றார். அதை அந்த நர்ஸ் தமிழில் சொன்னபோது அப்பா தலையை ஆட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். நாலாவதுக்கு, "எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம், நிறுத்தினாலும் நான் பார்ப்பேன்."

மாத்திரை என்று அப்பா சொன்னார். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு அதையே ஆரம்பித்துவிட்டார்கள். ராத்திரிக்கு மார்பின், கூடவே மலச்சிக்கல் மருந்து. நேற்று ஐந்து மணி நேரம் ஒரே தூக்கம்.

அண்ணன்தான் இன்னும் சமாதானம் ஆகவில்லை. "மாத்திரையா?" என்று கத்தினான். அப்பாவே போனை வாங்கி, "லே, வாய் என்னோடது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஆனாலும் அண்ணன் டிக்கெட் முன்கூட்டியே போட்டிருக்கிறான்.

---

வண்டிப்பெரியார்_சிஸ்டர் எழுதியது:

நோட்டில் அடுத்த பக்கத்தையும் காலியாக வைத்திருங்கள் தம்பி. முடிவு மாறலாம். மாத்திரை வேண்டாம் என்று ஒரு நாள் சொல்லலாம், டிரிப்பே போடலாம் என்றும் சொல்லலாம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் மறுபடி கேட்கணும். வாயில் புண், காய்ச்சல் வந்தால் அடுத்த ரெவ்யூ வரை பார்க்காமல் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

---

தென்காசி_சாரல் எழுதியது:

ஒரு வாரமாக இதைப் படித்துவிட்டுப் படித்துவிட்டு மூடி வைக்கிறேன்.

குழித்துறைத் தங்கச்சி கேட்டதுக்குப் பதில். அவள் போய் ஒரு வருஷம் கழித்து, வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவைக் குற்றாலத்தில் வைத்துப் பார்த்தேன். அவங்க சொன்னாங்க, "அக்கா எல்லார்கிட்டயும் கேட்டாங்க. நர்ஸ்கிட்ட, கூட்டுறவங்ககிட்ட, என்கிட்ட. உங்ககிட்ட மட்டும் கேட்கலை. நீங்க தாங்க மாட்டீங்கன்னு." இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முதலில் தம்பிக்குப் பதில் எழுதியபோதும் எனக்கு இது தெரியும். தெரிந்தேதான் அப்படி எழுதினேன்.

இப்போது என் மச்சானுக்குக் கல்லீரலில் என்கிறார்கள். திங்கட்கிழமை திருவனந்தபுரம். அவனுக்கும் மலையாளம் வராது. சிஸ்டர், நோயாளியிடமே நேராகப் பேசுங்கள் என்று டாக்டரிடம் மலையாளத்தில் எப்படிக் கேட்பது?

---

வண்டிப்பெரியார்_சிஸ்டர் எழுதியது:

"ரோகியோடு நேரிட்டு சம்சாரிக்காமோ, டாக்டரே?" அவ்வளவுதான் அண்ணாச்சி. தமிழ் தெரிந்தவர் யாராவது வேண்டும் என்றால் "தமிழ் அறியாவுன்ன ஆரெங்கிலும் உண்டோ?"

---

தென்காசி_சாரல் எழுதியது:

எழுதிக்கொண்டேன். சம்சாரிக்காமோ. புளியரைத் தம்பி, அந்த ஆறு கேள்வியையும் மச்சானுக்குக் காட்டலாமா என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். ஸ்டூலில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

---

புளியரை_வயக்காடு எழுதியது:

கேட்டேன் அண்ணாச்சி. காட்டலாமாம். அஞ்சாவதை மட்டும் அவரவர் வீட்டுக்குத் தகுந்த மாதிரி எழுதிக்கச் சொல்றார்.